தன் மகரந்தம் வேண்டாத செடி

ஜவ்வாது மலையில் சாமைக் கொல்லை ஓரம் நின்று தேனீயைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். சாமை புல்லினம். அதன் பூவுக்கு இதழ் இல்லை, வாசனை இல்லை, சொட்டுத் தேன்கூட இல்லை. காலை வெயில் ஏறும் நேரத்தில் உமி போன்ற இரண்டு செதில்கள் சற்றே விலகும். மகரந்தப் பைகள் வெளியே தலைகாட்டும். சில நிமிடங்களில் கதவு சாத்தியாகிவிடும். பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே தானே மணிபிடித்துக்கொள்ளும் பயிர் அது. மழை பெய்தால் போதும், வேறு யாருடைய தயவும் அதற்குத் தேவையில்லை.

அந்தக் கொல்லையின் ஓரத்தில், ஏரோட்டாமல் விட்ட கல்மேட்டை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில் மஞ்சளாக ஒரு வரிசை பூத்திருந்தது. பத்தடி தள்ளி நிற்கும்போதே காதில் ரீங்காரம் விழுந்தது. பேயெள்ளு. வித்தியாசத்தை அங்கேயே கண்ணாலும் காதாலும் தெரிந்துகொள்ளலாம்: ஒரு பயிர் ஊமையாக நிற்கிறது, பக்கத்துப் பயிர் இரைகிறது.

பேயெள்ளுக்கும் எள்ளுக்கும் எந்த உறவும் இல்லை. இது சூரியகாந்திக் குடும்பம். எத்தியோப்பியாவில் பிறந்து, எப்போதோ கடல்கடந்து இந்தியா வந்தது. பிறந்த நாட்டில் இதற்கு நூக் என்று பெயர். விதை கறுப்பாக, மெலிந்து, எள்ளைப் போலத் தோன்றுவதால் எள் என்றார்கள். எள் அல்ல என்பதால் ‘பேய்’ சேர்ந்தது. பேய்ப்புடல், பேய்க்கரும்பு, பேய்த்தும்மட்டி வரிசையில் இதுவும் ஒன்று. ஓசூர்ப் பக்கம் உச்செள்ளு என்கிறார்கள். அது கன்னடத்து ஹுச்செள்ளு. ஹுச்சு என்றால் பைத்தியம். இரண்டு மொழிக்காரர்களும் சேர்ந்து இந்தச் செடிக்கு நல்ல பெயர் வைக்கவில்லை. விதையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். கர்நாடகத்தில் வறுத்துச் சட்னிப்பொடி செய்வார்கள். அமெரிக்காவில் இதே விதையை மஞ்சள் சிட்டுகளுக்குத் தீனியாகத் தோட்டத்தில் தொங்கவிடுகிறார்கள். கூடவே ஒட்டுண்ணிக் கொடியின் விதை வந்துவிடக் கூடாது என்று, சூட்டில் முளைப்புத்திறனைக் கொன்ற பிறகுதான் அந்த நாட்டுக்குள் விடுவார்கள்.

ஜவ்வாது என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் காவலூர் வானாய்வகம் நினைவுக்கு வரும். 1960களின் இறுதியில் வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருக்கிறது. நான் கொண்டுபோனது பத்து மடங்கு பெருக்கும் ஒரு கைலென்ஸும், பழைய மல்துணியைக் கிழித்துத் தைத்த சில சின்னப் பைகளும், நூல்கண்டும்தான். இன்னும் விரியாத பூத்தலைகளாகப் பார்த்துப் பையை மாட்டி, காம்பில் நூலால் கட்டினேன். கொல்லைக்காரப் பெண்மணி, அறுபது வயது இருக்கும், களையெடுப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“பூவுக்கு இன்னாத்துக்குத் தம்பி முக்காடு?”

ஈ, தேனீ எதுவும் வராமல் இருந்தால் மணிபிடிக்குமா என்று பார்க்கிறேன் என்றேன்.

“புடிக்காம எங்க போவும்?” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “பூக்கிற நேரத்துல மூணு நாளு மூடம் போட்டாத்தான் பதராப் பூடும்” என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியத்துக்குத் திரும்பி வருவேன்.

துணி மூடிய தலைகளில் பாதியை அப்படியே விட்டுவிட வேண்டும். மீதிப் பாதியில், பூ மலர்ந்ததும் பையைத் திறந்து, வேறொரு செடியின் பூத்தலையைப் பறித்து வந்து மெதுவாகத் தேய்த்து, மறுபடியும் மூடிவிட வேண்டும். காரணம் எளிது. துணி மூடிய தலை பதராகப் போனால், காற்றும் வெளிச்சமும் குறைந்ததால் அப்படி ஆனது என்று யாரும் சொல்லலாம். தேய்த்து மூடிய தலையிலும் அதே துணிதான் இருக்கிறது. இரண்டும் வேறுவேறாக வந்தால் குற்றம் துணியுடையது அல்ல. பரிசோதனை என்பதே பாதிக்குமேல் இப்படி வரப்போகிற வாதத்துக்கு முன்கூட்டியே வாயடைக்கிற வேலைதான்.

இனி லென்ஸ். பேயெள்ளுப் பூ என்று நாம் பறிக்கும் மஞ்சள் வட்டம் ஒரு பூ அல்ல, ஒரு கூட்டம். வெளிவட்டத்தில் எட்டு மடல்கள் கொடி பிடிக்கின்றன. நடுவில் நாற்பதுக்கு மேற்பட்ட குழற்பூக்கள் நெருங்கி உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குழலும் ஒரு விதைக்கான வாய்ப்பு. அத்தனையும் ஒரே நாளில் திறப்பதில்லை. ஓரத்திலிருந்து உள்நோக்கி, வட்டம் வட்டமாக, சில நாட்களுக்குத் தினம் கொஞ்சம். காலையில் திறந்த ஒரு குழலைப் பாருங்கள். ஐந்து மகரந்தப் பைகள் பக்கவாட்டில் ஒட்டி ஒரு குழாயாக நிற்கின்றன. மகரந்தம் அந்தக் குழாயின் உட்பக்கம் கொட்டுகிறது. அடியிலிருந்து சூல்தண்டு மேலே வளர்ந்துவருகிறது, முறுக்கு அச்சில் மாவைக் கட்டை தள்ளுகிற மாதிரி. மகரந்தம் மஞ்சள் பிசிறாக வாய்க்கு வந்து நிற்கிறது. தேனீ அதை அள்ளிப்போகிறது. பிறகு அந்தத் தண்டின் நுனி இரண்டாகப் பிளந்து, வெள்ளாட்டுக் கொம்பு மாதிரி வெளிப்புறமாக வளைகிறது. வளைந்த கொம்பின் உட்பரப்புதான் மகரந்தத்தை ஏற்கும் இடம், அதாவது சூல்முடி.

அந்தக் கொம்பின் முதுகெல்லாம் சொந்த மகரந்தம் ஒட்டிக்கிடக்கிறது. ஒரு மில்லிமீட்டர் இந்தப் பக்கம் நகர்ந்தால் வேலை முடிந்தது. ஆனால் முடியாது. அந்த மகரந்தம் உட்பரப்பில் விழுந்தாலும் முளைக்காது.

ஒவ்வொரு மகரந்தத் துகளின் மேற்பூச்சிலும் அதைப் பெற்ற செடி ஒரு முத்திரையைப் பதித்து அனுப்புகிறது. சூல்முடியின் செல்கள் அந்த முத்திரையைத் தொட்டுப் படிக்கின்றன. தன்னுடையதும் வந்ததும் ஒன்றாக இருந்தால், துகள் தொடுகிற இடத்தில் கலோஸ் என்ற பொருளை வைத்து அடைத்துவிடுகின்றன. மகரந்தக் குழாய் உள்ளே இறங்க வழியில்லை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பங்காளி வீட்டில் பெண் எடுப்பதில்லை. குலம் கேட்டுவிட்டுத்தான் வாசலைத் திறப்பார்கள். சொந்த மகரந்தத்தை ஏற்றுப் பிறக்கும் வாரிசுகளில் மறைந்திருக்கும் குறைகள் இரட்டிப்பாகி வெளிப்படும். அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் இதற்குச் செடி கொடுக்கும் விலை பெரிது. நடமாட முடியாத ஓர் உயிர், தன் பிள்ளைப்பேறு முழுவதையும் இன்னொருவர் காலில் ஒப்படைத்துவிட்டு நிற்கிறது.

பேயெள்ளுக்காவது குலங்கள் பல. கொல்லையில் கண்ணுக்குப்பட்ட வேறு செடி எதுவாக இருந்தாலும் அநேகமாகச் சம்பந்தம் பேசலாம். இதைவிடக் கறாரான ஒரு பயிர் உண்டு. அது பக்வீட்.

பெயரில் வீட் இருந்தாலும் கோதுமைக்கு அது தூரத்து உறவுகூட இல்லை, புல்லே அல்ல. சுக்கான்கீரையும், வேலிகளில் ரோஜா நிறத்தில் படரும் கொடிரோஸும்தான் அதன் சொந்தக்காரர்கள். வட இந்தியர்கள் நவராத்திரி விரதத்தில் தானியம் விலக்கிவிட்டுச் சாப்பிடும் குட்டு மாவு இதன் விதையிலிருந்து வருவது. ஜப்பானின் சோபா நூடுல்ஸும் இதுதான். கின்னோரிலும் குமாவுனிலும் ஓக்லா, ஓகல் என்ற பெயர்களில் காலங்காலமாக விளைகிறது. இதன் காட்டு மூதாதையைச் சீனாவின் யுன்னான் மலைகளில் தேடிக் கண்டுபிடித்தவர் கியோட்டோவைச் சேர்ந்த ஓமி ஓனிஷி. தெற்கே நீலகிரியிலும் பழனி மலையிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பயிரானதாகப் பதிவு உண்டு. ஜவ்வாதில் நான் பார்த்ததில்லை. ஆனால் பேயெள்ளைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல துணை இல்லை.

பக்வீட் பூ சின்னது. வெள்ளை அல்லது வெளிர் ரோஜா நிறத்தில் ஐந்து மடல், எட்டு மகரந்தத் தாள்கள், தாள்களின் அடியில் எட்டு மஞ்சள் தேன் உருண்டைகள். ஒரு பூவுக்கு ஒரே சூல், அதனால் அதிகபட்சம் ஒரே முக்கோண விதை. பத்துப் பதினைந்து செடிகளிலிருந்து பூக்களைப் பறித்து வரிசையாக வைத்து லென்ஸில் பார்த்தால் இரண்டு ஜாதி தெரியும். சிலவற்றில் சூல்தண்டு நீளம், மகரந்தத் தாள் குட்டை. மற்றவற்றில் தண்டு குட்டை, தாள் நீளம். ஒரு செடியில் எல்லாப் பூவும் ஒரே மாதிரிதான். கொல்லை முழுக்க எண்ணினால் பாதிக்குப் பாதி வரும், ஊரில் ஆணும் பெண்ணும் வருகிற மாதிரி. நீளத்தண்டுக்காரர்கள் அத்தனை பேரும் தங்களுக்குள் பங்காளிகள், குட்டைத்தண்டுக்காரர்களும் அப்படியே. சம்பந்தம் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவில் மட்டும்தான். ஒரே கரைக்குள் மகரந்தம் போனால் குழாய் தண்டுக்குள் பாதி வழியில் நின்றுவிடும்.

தேனீ இதில் தபால்காரர் மட்டும் அல்ல, தபால்பெட்டியும்கூட. நீளமான தாள் அதன் உடம்பில் எந்த இடத்தில் மகரந்தத்தைத் தடவுகிறதோ, அதே இடம் அடுத்த பூவின் நீளமான தண்டில் போய் உரசும். குட்டைத் தாள் தடவிய இடம் குட்டைத் தண்டில் உரசும். உயரத்துக்கு உயரம் கச்சிதமாகப் பொருந்துகிறது. இப்படி இரு வடிவப் பூக்களை ஆண்டுக்கணக்கில் கையால் மணமுடித்து, விதையை எண்ணி, டார்வின் 1877ல் ஒரு தனிப் புத்தகமே போட்டார். பக்வீட்டும் அதில் வருகிறது. இமயம்வரை போக முடியாதவர்கள் வீட்டுத் தோட்டத்து நட்சத்திரப்பழ மரத்தைப் பார்க்கலாம். அதிலும் இதே இரு வடிவ ஏற்பாடுதான். தனி மரமாக நின்று பூத்துக் கொட்டிக் காய்பிடிக்காத நட்சத்திரப்பழத்தைப் பற்றிப் புலம்புகிறவர்கள், அடுத்த தெருவில் எதிர்க்கரைக்காரர் ஒருவர் இருக்கிறாரா என்று விசாரிப்பது நல்லது.

விவசாயியின் பக்கமிருந்து கணக்குப் போடுங்கள். ஒரு பக்வீட் செடியை விட்டுத் தேனீ எழுந்து பறக்கிறது. அடுத்து அது உட்காரும் செடி எதிர்க்கரையாக இருக்கப் பாதி வாய்ப்புதான். பூ ஒரு நாள் மட்டுமே திறந்திருக்கும். தேன் பெரும்பாலும் காலையில் சுரந்து உச்சிக்குள் அடங்கிவிடும். அதற்குள் நடக்காத கல்யாணம் நடக்காததுதான். நூற்றுக்கணக்கில் பூத்தும் பத்துப் பூவில் ஒன்றிரண்டே மணியாகும் பயிர் என்று பக்வீட் பெயரெடுத்ததற்கு, செடியின் சத்து போதாமையோடு இதுவும் ஒரு காரணம். கொல்லையில் தேனீ கூடுதலாக இருந்தால் தேறும்.

பூவின் கஞ்சத்தனத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு பூவில் வயிறு நிறையத் தேன் வைத்திருந்தால் தேனீ அங்கேயே உட்கார்ந்து குடித்துவிட்டுக் கூட்டுக்குப் போய்விடும். துளித்துளியாக வைத்திருப்பதால் பூப் பூவாக, செடி செடியாக அலைகிறது. பேயெள்ளிலும் நான் பார்த்தது அதுதான்: ஒரு தலையில் ஐந்தாறு குழல்களைத் துழாவிவிட்டு, பக்கத்துத் தலை, அப்புறம் வேறு செடி. ஒரே செடியின் இரண்டு தலைகளுக்கு நடுவே நடக்கும் பயணம் முழுக்க வீண். அங்கே போவதும் அதே மகரந்தம்தானே. ஆக, சோம்பேறித் தேனீயால் இந்தப் பயிருக்குப் பயனில்லை. அலைச்சல்காரத் தேனீ வேண்டும்.

பக்வீட்டின் இந்தப் பிடிவாதத்தை உடைக்கவும் மனிதர்கள் பார்த்தார்கள். அதன் தம்பியான தாத்தாரி பக்வீட்டுக்குத் தேனீ தேவையில்லை. எல்லாப் பூவும் ஒரே உயரம், தன் மகரந்தத்திலேயே மணி. ஆனால் கசக்கும். காட்டு இனம் ஒன்றோடு கலந்து, தானே கருவுறும் பக்வீட் வரிசைகளையும் உருவாக்கியிருக்கிறார்கள். குட்டைத்தண்டைத் தீர்மானிக்கும் பகுதியில் இருக்கும் ஒரு மரபணுவை 2012ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கலந்தால் செடி நோஞ்சானாகிறது என்ற பழைய தொல்லை இன்னும் இருக்கிறது. தேனீயைக் கழற்றிவிட்டுப் பயிரை மட்டும் வைத்துக்கொள்வது, காகிதத்தில் தெரிவதுபோல அவ்வளவு சுலபமாக இல்லை.

ஜவ்வாதுக்கு வருவோம். அந்த மஞ்சள் வரிசையில் ஒரு மணிநேரம் உட்கார்ந்தால் மலையின் தேனீக்கள் எல்லாம் வந்து வருகை சொல்லிவிட்டுப் போகும். பெரிதாக, பொன்னிற இடுப்போடு வருவது மலைத்தேனீ. பாறை முகட்டிலும் உயர்ந்த மரக்கிளையிலும் திறந்தவெளியில் ஒற்றை அடை கட்டும். பல கிலோமீட்டர் பறந்து மேயும். நிலவு நன்றாக இருந்தால் இரவிலும் வேலைக்குப் போகும். (காவலூர்க்காரர்கள் நிலவை வைதுகொண்டிருக்கும் இரவுகளில் மலைத்தேனீ அதற்கு நன்றி சொல்லும் போலும்.) அடுத்தது பொந்துத்தேனீ, அடுக்குத்தேனீ என்றும் சொல்வார்கள். மரப்பொந்திலும் கல்லிடுக்கிலும் பல அடைகளை அடுக்கிக் கட்டும். பெட்டியில் வைத்து வளர்ப்பதும் இதைத்தான். புதரில் உள்ளங்கை அகல அடை கட்டுவது கொம்புத்தேனீ. கடைசியாக, எறும்புக்கு இறக்கை முளைத்த மாதிரிக் கறுப்பாக, கொட்டத் தெரியாத கொசுத்தேனீ. கூட்டிலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் அது போகாது. இவற்றோடு தேனீ வேஷம் போட்ட பூ ஈக்களும் வரும். அந்தரத்தில் அசையாமல் நிற்பதை வைத்தும், நான்குக்குப் பதில் இரண்டே இறக்கை இருப்பதை வைத்தும் அடையாளம் கண்டுவிடலாம். பக்வீட் வயல்களில் இந்த ஈக்களுக்கும் கணிசமான பங்கு உண்டு.

பேயெள்ளு வரிசை எங்கே இருந்தது என்பதை இப்போது நினைத்துப் பாருங்கள்: ஏர் படாத கல்மேட்டை ஒட்டி. கொசுத்தேனீயும் பொந்துத்தேனீயும் குடியிருப்பது அந்த மாதிரி மேட்டில், அதிலிருக்கும் வயதான மரத்தில். மலைத்தேனீ நாடோடி, பூவிருக்கும் பருவத்தில் வரும், வறண்டால் இடம் மாறும். ஜப்பானில் பக்வீட் வயல்களில் நடத்தி 2010ல் வெளியான ஓர் ஆய்வும் இதையே சொன்னது: சுற்றிலும் காடு இருந்த வயல்களுக்கு நாட்டுத் தேனீக்கள் கூடுதலாக வந்தன, வருகை கூடிய இடத்தில் மணிபிடிப்பும் கூடியது. வயலின் வரப்போடு வயல் முடிந்துவிடுகிறது என்று பட்டாவில் எழுதியிருக்கலாம். பேயெள்ளு அந்தப் பட்டாவை ஒப்புக்கொள்ளாது.

பெட்டி வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். வைக்கலாம், நல்லதுதான். ஆனால் அதையே நம்பி இருக்க முடியாது என்பதைத் தென்னிந்தியா ஒருமுறை வயிற்றெரிச்சலோடு கற்றுக்கொண்டது. 1991-92ல் தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் வந்தது. பொந்துத்தேனீயின் புழுக்கள் நீர் நிறைந்த பை போலாகிச் செத்தன. கேரளத்திலும் மார்த்தாண்டம் பக்கமும் பெட்டிகள் வரிசையாகக் காலியாயின. ஒரே இனத்தின் மேல் எல்லாப் பாரத்தையும் வைத்த இடங்களில் அடி பலமாக விழுந்தது. கொசுத்தேனீயும் மலைத்தேனீயும் அந்த ஆண்டுகளில் எத்தனை கொல்லைகளைத் தூக்கி நிறுத்தின என்று யாரும் பில் போடவில்லை.

சாமை மட்டும் தின்று யாரும் வாழ்வதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சோற்றுக்குத் தேனீ வேண்டாம். குழம்பில் போடுகிற பூசணிக்கு வேண்டும், புளிக்கு வேண்டும், தாளிக்கிற எண்ணெய் பேயெள்ளில் ஆட்டியது என்றால் அதற்கும் வேண்டும்.

ஒரு மாதம் கழித்து மறுபடி போனேன். மஞ்சள் போய், தலைகள் காய்ந்து பழுப்பாகியிருந்தன. அந்த அம்மாள் என்னைவிட ஆவலாக இருந்தார்; ஒரு பையை ஆடு தின்றுவிட்டது என்பதை வருத்தத்தோடு முதலில் தெரிவித்தார். மீதியை அறுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தோம். திறந்தே இருந்த தலைகளை உள்ளங்கையில் வைத்து அவர் கசக்க, கறுப்பு மணிகள் பளபளவென்று உதிர்ந்தன. மாற்றுச் செடியின் பூவைத் தேய்த்து மூடிய தலைகளிலும் மணி இருந்தது. என் கை தேனீயின் கால் அல்லவே, அந்த அளவுக்குக் குறைவாக. வெறுமே மூடிய தலைகளில் வந்தவை வெளுத்து, தட்டையாக, நகத்தால் அழுத்தினால் உள்ளே ஒன்றும் இல்லாமல் நொறுங்கின. தப்பித்தவறி ஒன்றிரண்டு நல்ல மணி.

“மூடம் போட்ட வருசம் இப்படித்தான் இருக்கும்” என்றார்.

அவர் சொன்ன அந்தப் பழைய வாக்கியம். பூக்கிற நேரத்தில் மூன்று நாள் மூடாப்பும் தூறலும் என்றால் மழை பூவைக் கெடுத்துவிட்டது என்பது அவர் கணக்கு. மழைக்கும் பங்கு உண்டு. நனைந்த மகரந்தம் வீண்தான். ஆனால் அந்த மூன்று நாளும் தேனீக்கள் கூட்டைவிட்டு வெளியே வருவதில்லை. என் மல்துணிப் பை செய்ததை மேகம் கொல்லை முழுக்கச் செய்திருக்கிறது. இதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் மூடிய தலைகளின் விதைகளை மட்டும் தனியாக உள்ளங்கையில் குவித்து, வாயருகே கொண்டுபோய் ஒரு ஊது ஊதினார். ஒன்றிரண்டு தங்கின. மற்றதெல்லாம் முற்றத்துக் கோழிகளின் பக்கம் பறந்தன. கோழிகள் ஓடிவந்து ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டன.